நியூட்ரல் அறுந்ததால் பழுதான தொலைக்காட்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஒரு மாலையில் நடந்த நிகழ்வு இது. தெருவோரத் தென்னையிலிருந்து முறிந்த மட்டை ஒன்று மின்கம்பங்களுக்கு இடையே ஓடும் கம்பிகளின் மேல் விழுந்து, மின்சாரம் கொண்டுவரும் பேஸ் கம்பிகள் மூன்றையும் விட்டுவிட்டு, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியை மட்டும் அறுத்துவிட்டது. மின்சாரம் முழுவதுமாக நின்றுபோயிருந்தால் தெருவில் எந்த வீட்டிலும் எந்தச் சாதனமும் கெட்டிருக்காது. நிற்காமல் தவறான மின்னழுத்தத்தில் ஓடியதால்தான் பல வீடுகளில் இழப்பு நேர்ந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு ஒற்றை பேஸ் இணைப்பு உள்ளது. வயதான தந்தை, தாய், மகன், மருமகள், பள்ளி செல்லும் பேத்தி ஆகியோர் அங்கே வசிக்கிறார்கள். மகன் மின்னணுவியலில் டிப்ளமோ படித்தவர். ஆனால் அவருடைய வேலை வேறு துறையில். இத்தகைய பழுதுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். கருவிகளைப் பிடித்து வேலை செய்தவர் மகன். நான் உடனிருந்து கவனித்தேன், கேட்டபோது கருத்துச் சொன்னேன்.

அழுத்தம் ஏன் உயர்ந்தது

ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டும், எந்த இரண்டு பேஸ்களுக்கும் இடையே 400 வோல்ட்டும் இருப்பது நம் வழக்கமான மும்முனை வழங்கல். தெருவில் உள்ள வீடுகள் மூன்று பேஸ்களிலும் பிரித்து இணைக்கப்பட்டிருக்கும். நியூட்ரல் அறுந்ததும், அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள வீடுகளின் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றி, ஒரு பேஸிலுள்ள வீட்டின் சாதனங்கள் வழியாக மற்றொரு பேஸுக்குச் செல்லத் தொடங்குகிறது. அதாவது, அந்த 400 வோல்ட்டை இரண்டு வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீடு சமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் 1500 வாட்டும் மறுபக்கம் 500 வாட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அதிகச் சாதனங்கள் ஓடும் பக்கத்துக்கு ஏறத்தாழ 100 வோல்ட்டும் குறைவாக ஓடும் பக்கத்துக்கு 300 வோல்ட்டும் போய்ச் சேரும். சிக்கனமாக இரண்டு விளக்கையும் தொலைக்காட்சியையும் மட்டும் போட்டிருக்கும் வீட்டுக்குத்தான் கேடு அதிகம். இந்த வீட்டின் நிலை அன்று அதுவே.

அன்று மாலை கவனிக்கப்பட்டவை

கூடத்து மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் இன்வெர்ட்டர் வழியாக இணைக்கப்பட்டிருந்தன. பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்று, வயரிங் செய்தபோதே தொலைக்காட்சியின் பாயிண்டை அந்த இணைப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். மருமகள் முதலில் கவனித்தது சமையலறை விளக்கு கண் கூசும் அளவுக்கு வெளிச்சமானதை. அடுத்த சில நொடிகளில் அது வெடிப்பொலியுடன் அணைந்தது. அதே நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறி ஒலியெழுப்பத் தொடங்கியது. “மாமா, கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் கத்துது” என்று அவர் குரல் கொடுத்தார். அதற்குள் கூடத்தில் தொலைக்காட்சியும் ‘டப்’ என்ற ஓசையுடன் அணைந்துவிட, தந்தை எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

மருமகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் மிக முக்கியமான தடயமாகக் கருதுகிறேன். வீட்டு இன்வெர்ட்டர்கள் மின்தடையின்போது மட்டும் பேட்டரிக்கு மாறுவதில்லை. வரும் அழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்கு மேலே போனாலும் கீழே போனாலும் மாறிவிடும். விளக்கு பிரகாசமாக எரிய, இன்வெர்ட்டர் மின்சாரத்தை ஏற்க மறுத்தது என்றால் அழுத்தம் அளவுக்கு மீறியிருக்கிறது என்பதே பொருள். எதிர்வீட்டில் அதே நேரத்தில் விளக்குகள் மங்கி, மின்விசிறி சுற்றத் திணறியதாகப் பின்னர் தெரிந்தது. ஒரு வீட்டில் மிகையும் எதிர்வீட்டில் குறையும் ஒரே நேரத்தில் தோன்றினால் ஐயுற வேண்டியது நியூட்ரலைத்தான்.

மின் ஊழியர்கள் அன்றிரவே வந்து கம்பியை இணைத்தார்கள். தெருவில் மற்ற வீடுகளில் விளக்கு எரிவதைப் பார்த்து உடனே மெயினைப் போட்டுவிடாமல், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, மகன் மல்டிமீட்டரால் அளந்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 231 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் (தரையிணைப்புக்கும்) இடையே 2 வோல்ட். அதோடு நிற்காமல் இஸ்திரிப்பெட்டியை மட்டும் போட்டு, அது சூடாகும்போது மீண்டும் அளந்தார். தளர்வாக இருக்கும் நியூட்ரல் இணைப்பு, எதுவும் ஓடாத நேரத்தில் சரியான அழுத்தத்தையே காட்டும். பளு ஏற்றும்போதுதான், அதாவது சாதனம் மின்சாரத்தை இழுக்கும்போதுதான், குட்டு வெளிப்படும். இங்கே 3 வோல்ட் மட்டுமே இறங்கியது, எனவே இணைப்பு உறுதியானது என்று கொள்ளப்பட்டது.

எது பிழைத்தது, எது கெட்டது

இன்வெர்ட்டர் வழியாகச் சென்ற அனைத்தும் பிழைத்தன. குளிர்பதனப் பெட்டியை அதன் ஸ்டெபிலைசர் துண்டித்துக் காப்பாற்றியிருந்தது. மிக்சி சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு எல்.இ.டி. பல்புகள், செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர், தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை இயங்கவில்லை. துவைக்கும் இயந்திரம் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை என்றாலும், அதன் பாயிண்ட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அது கெடுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பல்புகளும் அடாப்டரும் மாற்றப்பட்டன. ஒட்டிய அடாப்டர் கூட்டை உடைத்துத் திறந்து பழுதுபார்த்தால், திரும்ப மூடும்போது காப்பு உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டது சரியான முடிவு. புதிய அடாப்டரில் செட்டாப் பாக்ஸ் இயங்கியது.

தொலைக்காட்சியைத் திறந்தபோது

உத்தரவாதக் காலம் முடிந்த 32 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி அது. சிவப்பு ஸ்டாண்ட்பை விளக்குகூட எரியவில்லை. விசாரித்தபோது பழுதுபார்ப்பவர் ஒருவர், உள்ளே உள்ள மின்சுற்றுப் போர்டை மாற்ற வேண்டும், அந்த மாதிரிக்குப் போர்டு கிடைப்பது அரிது என்று கூறியிருந்தார். ஆகவே போர்டையே சரிசெய்து பார்ப்பது, முடியாவிட்டால் புதிது வாங்குவது என்று குடும்பம் முடிவெடுத்தது.

கட்டிலில் மெத்தையின் மேல் போர்வையை விரித்து, திரை கீழ்நோக்கி இருக்குமாறு தொலைக்காட்சி கிடத்தப்பட்டது. பேனலின் நடுவில் கை ஊன்றாமல், ஓரத்துச் சட்டத்தை மட்டும் பிடித்துத் தூக்க இருவர் தேவைப்பட்டார்கள். பின்மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை வந்தது. எதையும் தொடுமுன், மின்வழங்கிப் பகுதியில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கபாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்தம் அளக்கப்பட்டது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் ஆகியிருந்தும் 60 வோல்ட்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரில் (மின்தடையத்தில்) காப்பிட்ட வயர்களைப் பற்றவைத்து, அதன் வழியாக அது வெளியேற்றப்பட்டது. திருப்புளியால் முனைகளைக் குறுக்கே தொட்டு வெளியேற்றும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. தீப்பொறி தெறித்து கண்ணுக்கும் போர்டின் தடங்களுக்கும் சேதம் வரும் என்பதால் அது கைவிடப்பட வேண்டிய வழக்கம்.

பியூஸின் கண்ணாடிக் குழாய் உட்புறம் முழுவதும் கரி படிந்து கறுத்திருந்தது. உள்ளே இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், மிதமான மிகையோட்டத்தில் அறுந்தது என்று ஊகிக்கலாம். இப்படிக் கறுத்திருந்தால் எங்கோ நேரடி ஷார்ட் (குறுக்குச் சுற்று) ஏற்பட்டிருக்கிறது. பியூஸுக்கு அடுத்து, மிகையழுத்தத்தை விழுங்க வைக்கப்பட்டிருந்த நீல நிற வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் சாம்பலாகியிருந்தது.

பியூஸை மட்டும் மாற்றாதது ஏன்

தந்தை நடைமுறை அறிந்தவர். “ஒரு கம்பி இழையைப் போட்டுப் பார்த்துட்டா தெரிஞ்சிடுமே தம்பி” என்றார். மகன், “வேண்டாம்பா, அது எதனால போச்சுன்னு தெரியாம போட்டா மிச்சமும் போயிடும்” என்று மறுத்துவிட்டார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பியூஸ் தானாகக் கெடுவது அரிது. பின்னால் உள்ள ஒன்று கெட்டதனால்தான் அது அறுகிறது. ஷார்ட்டான வேரிஸ்டர் அப்படியே இருக்கையில் கம்பியைப் போட்டிருந்தால், போர்டின் தடங்களே பியூஸாக மாறி எரிந்திருக்கும்.

வேரிஸ்டர் என்ன செய்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற முடிவுகளும் விளங்கும். அதன் மேல் 10டி471 என்ற குறியீடு எஞ்சியிருந்தது: விட்டம் 10 மில்லிமீட்டர், கடத்தத் தொடங்கும் அழுத்தம் 470 வோல்ட். மாறுமின்னோட்டத்தின் உச்சம் நாம் அளக்கும் எண்ணைப்போல் 1.414 மடங்கு என்பதால், ஏறத்தாழ 330 வோல்ட்டை நெருங்கும்போதே அது ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கடத்தத் தொடங்கும். மின்னல் தாக்கத்தைப்போல நுண்நொடிகளில் வந்து போகும் அழுத்தத்தை விழுங்குவதற்காக வைக்கப்பட்ட பொருள் அது. நொடிக்கணக்கில் தொடரும் மிகையழுத்தத்தில் சூடேறி, ஷார்ட்டாகி, பியூஸை அறுத்துவிட்டுத் தானும் அழிகிறது. அன்று அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை என்றாலும், இந்த வீட்டுக்கு வந்தது 330 வோல்ட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த வேரிஸ்டரே சாட்சி.

அதைப் பற்றவைப்பிலிருந்து கழற்றியதும் ஷார்ட் நீங்கியது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரின் நான்கு டயோடுகளும் 0.5 வோல்ட்டை ஒட்டிய சரியான அளவைக் காட்டின. மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பும் சுவிட்சிங் மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் முனைகளுக்கு இடையே ஷார்ட் இல்லை. பெரிய கபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் வகை. மீட்டரில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய சரியாகவே வந்தது. ஆனால் தலைப்பகுதியில் விரலால் தடவினால் உணரக்கூடிய மெல்லிய புடைப்பு இருந்தது. 330 வோல்ட் உள்ளே வந்தால் அந்தக் கபாசிட்டருக்கு 460 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அதன் வரம்பே 450தான். கொள்ளளவு சரி என்று மீட்டர் சொன்னாலும், வரம்பு மீறி அழுத்தப்பட்டுப் புடைத்த கபாசிட்டரை வீட்டில் திரும்ப வைப்பது தகாது என்று அதையும் மாற்றத் தீர்மானிக்கப்பட்டது.

உதிரிப் பொருள்கள் வாங்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. இன்னும் உயர்ந்த அழுத்தம் தாங்கும் 561 வகை (560 வோல்ட்) வேரிஸ்டரைப் போட்டால் அடுத்த முறை பிழைக்குமே என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு கேட்டார். வேரிஸ்டர் பிழைக்கும் என்பது உண்மை. அது பிழைத்திருக்கும் நேரத்தில் கபாசிட்டர் 500 வோல்ட்டுக்கு மேல் வாங்கி வெடிக்கும். முதலில் கெட வேண்டிய பொருள் வேரிஸ்டர்தான் என்று வடிவமைத்தவர் முடிவுசெய்திருக்கிறார். அந்த வரிசையை மாற்றக்கூடாது என்று 471 வகையே வாங்கப்பட்டது. பியூஸும் அதே 3.15 ஆம்பியர், தாமதித்து அறும் வகை.

சீரியல் பல்பு சோதனையும் இரண்டாவது பழுதும்

மாற்றி முடித்த போர்டு நேரடியாக மின்சாரத்தில் இணைக்கப்படவில்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொடரிணைப்பில் வைக்கப்பட்டது. எங்காவது ஷார்ட் எஞ்சியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், போர்டுக்குச் சேதம் வராது. குண்டு பல்புகள் கடைகளில் குறைந்துவரும் இக்காலத்தில், பழுதுபார்க்க விரும்புவோர் ஒன்றிரண்டை வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தது. கபாசிட்டர் நிறைந்தது, ஷார்ட் இல்லை என்பதற்கு இது அறிகுறி.

ஆனால் ஸ்டாண்ட்பை விளக்கு எரியவில்லை.

இனி அளக்க வேண்டியது 300 வோல்ட்டுக்கு மேல் உள்ள பகுதி என்பதால், வேலை முறை மாற்றப்பட்டது. மின்சாரம் அணைந்த நிலையில் மீட்டரின் வயர்களை கிளிப்களால் உரிய முனைகளில் பொருத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டு, எண்ணைப் படித்து, அணைத்து, கபாசிட்டரை வெளியேற்றிய பிறகே அடுத்த முனைக்கு மாற்றுவது என்ற ஒழுங்கு கடைசிவரை கடைப்பிடிக்கப்பட்டது. பெரிய கபாசிட்டரில் 318 வோல்ட் வந்தது. மின்வழங்கியைக் கட்டுப்படுத்தும் ஐ.சி. சிப்பின் மின்வழங்கல் காலில் 1 வோல்ட்கூட இல்லை. இத்தகைய ஐ.சி.க்கள் விழித்தெழவே பத்து வோல்ட்டுக்கு மேல் தேவை.

அந்த முதல் மின்சாரத்தை ஐ.சி.க்குக் கொண்டுசேர்ப்பவை, 300 வோல்ட் தடத்திலிருந்து தொடராக இறங்கும் இரண்டு சிறிய சிப் ரெசிஸ்டர்கள். இரண்டின் மேலும் 105 என்ற எண், அதாவது 1 மெகாஓம். ஒன்று சரியாகக் காட்டியது. மற்றது மின்சாரம் செல்லாதபடி உள்ளே முற்றிலும் அறுந்துபோயிருந்தது. வெளிப்பார்வைக்கு அதில் கருகலோ விரிசலோ இல்லை. 1206 எனப்படும் அந்த அளவுச் சிப் ரெசிஸ்டர் தாங்குவது பொதுவாக 200 வோல்ட். வழக்கமான நாள்களில் ஒவ்வொன்றின் மேலும் 160 வோல்ட் அளவே விழும். அன்று மாலை 230ஐத் தாண்டியிருக்கும். முதல் நாள் 60 வோல்ட் கபாசிட்டரில் தங்கியிருந்ததன் பொருளும் இப்போது தெளிவானது: அதை மெல்ல வடியச் செய்யும் வழியே அறுந்திருந்தது. இயங்காத மின்வழங்கி இயங்குவதைவிட ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். செலவிடப் பளு இல்லாததால் மின்னூட்டம் நெடுநேரம் அப்படியே நிற்கும்.

அதே சிப் அளவு உள்ளூரில் கிடைக்காததால், கால்கள் உள்ள அரை வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இரண்டு, காப்புக்குழல் மாட்டி, அதே தடங்களில் பற்றவைக்கப்பட்டன. அழுத்தம் தாங்குவதில் இவை முந்தையவற்றைவிட மேலானவை. ஒன்று நன்றாக இருந்தும் இரண்டுமே மாற்றப்பட்டன. ஒரே மிகையழுத்தத்தைப் பட்டவை அவை. மீண்டும் சீரியல் பல்புடன் சோதித்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. திரையின் பின்னொளி எரியத் தேவையான மின்சாரத்துக்கு 60 வாட் பல்பு இடம்கொடுக்காது என்பதால், வெளியீட்டில் 12 வோல்ட் நிலையாக வருவதை உறுதிசெய்தபின் பல்பு நீக்கப்பட்டு, பின்மூடி முழுவதுமாக மூடப்பட்ட பிறகே நேரடி மின்சாரத்தில் போடப்பட்டது. படமும் ஒலியும் வந்தன.

விளைவு

உதிரிப் பொருள்கள் அனைத்தும் சேர்ந்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கின. முதல் சில நாள்கள் ஆள் இருக்கும்போது மட்டும் தொலைக்காட்சி ஓட்டப்பட்டது. அணைத்தபின் பிளக் பிடுங்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து கோடைவரை அது குறையின்றி ஓடுகிறது.

துவைக்கும் இயந்திரத்தில் அதே முயற்சி செய்யப்படவில்லை. அதன் கட்டுப்பாட்டுப் போர்டு ஈரம் புகாதிருக்க முழுவதும் பிசினால் நிரப்பி மூடப்பட்டிருந்தது. பிசினைச் சுரண்டி எடுத்தால் தடங்கள் பெயரும்; பழுது நீங்கினாலும் ஈரத்துக்கு எதிரான காப்பு திரும்பாது. தண்ணீரும் மின்சாரமும் அருகருகே புழங்கும் சாதனத்தில் அந்தக் காப்பை இழப்பதற்கில்லை என்று, தொலைக்காட்சிக்கு ஆனதைப்போல் பல மடங்கு செலவில் போர்டு மாற்றப்பட்டது. மகனுக்கு இதில் மனக்குறை இருந்தது. எனக்கு இல்லை; எதைத் திறக்கக்கூடாது என்று அறிந்து நிற்பதும் பழுதுபார்க்கும் திறனில் அடங்கும்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

பழுதுபார்த்த வரிசையில் ஒன்றை மாற்றலாம். மிகையழுத்தம் பட்ட போர்டில் கபாசிட்டர் மின்னூட்டம் நெடுநேரம் நின்றிருந்தால், மற்றவற்றைப் பற்றவைக்குமுன்பே தொடக்க ரெசிஸ்டர்களை அளந்துவிடலாம். உயிருள்ள 300 வோல்ட் பகுதியில் அளக்கும் தேவையே குறையும்.

வீட்டின் பாதுகாப்பில் மாற்ற வேண்டியதுதான் அதிகம். தானியங்கித் துண்டிப்பான்களில் எம்.சி.பி. மிகையோட்டத்தை மட்டுமே உணரும், ஆர்.சி.சி.பி. கசிவை மட்டுமே உணரும். இரண்டும் இந்த வீட்டில் இருந்தன, இரண்டும் விழவில்லை, விழுவதற்கான காரணமும் இல்லை. மின்னல் அலையைத் தடுக்கும் எஸ்.பி.டி.யும் உள்ளே வேரிஸ்டரைக் கொண்டதே. நியூட்ரல் அறுந்தால் அதுவும் சூடேறிக் கெடும். இந்தக் கேட்டுக்கு உரிய காப்பு, மெயினுக்கு அடுத்து வைக்கப்படும் மிகை-குறை அழுத்தத் துண்டிப்பான். அழுத்தம் 270 வோல்ட்டை ஒட்டி உயர்ந்ததும் வீடு முழுவதையும் துண்டித்து, சீரானபின் சற்றுத் தாமதித்துத் தானே இணைக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அது இப்போது பொருத்தப்பட்டுள்ளது.

நிகழ்வுக்குப் பின் தெருவில் சிலர், வீட்டு நியூட்ரலை எர்த்துடன் இணைத்துவிட்டால் இனி இப்படி நடக்காது என்று ஆலோசனை கூறினார்கள். அதைச் செய்யவே கூடாது. அடுத்த முறை கம்பி அறும்போது, தெருவின் மொத்த மின்னோட்டமும் திரும்பும் வழியாக அந்த ஒரு வீட்டின் எர்த் குழி ஆகிவிடும். எர்த்துடன் இணைந்த குளிர்பதனப் பெட்டியின் உடலும் கிரைண்டரின் உடலும் ஷாக் அடிக்கும் நிலைக்கு வரும். இந்த வீட்டார் அதை மறுத்ததோடு, ஆலோசனை கேட்டு ஏற்கெனவே இணைத்துவிட்ட பக்கத்து வீட்டாரிடமும் காரணத்தை எடுத்துச் சொல்லி, அதே மின்பணியாளரை அழைத்து அந்த இணைப்பை நீக்கச் செய்தார்கள்.